மூலநிரல் இலவசம், கணிதத்திற்குக் காப்புரிமை: ஒரு வணிக சர்வருக்குக் குறியாக்க மென்பொருள் தேர்ந்த நிகழ்வு, 1999–2000

பின்னணி

அமெரிக்காவில் இசைக்கருவி உதிரிபாகங்களைத் தபால் வழியே விற்ற சிறு நிறுவனம் அது. லினக்ஸ் கணினி ஒன்றில் அப்பாச்சி 1.3 என்ற இணைய சர்வர் மென்பொருள் ஓடியது. பொருள் பட்டியலும் விலையும் இணையதளத்தில் இருந்தன. ஆர்டர் மட்டும் தொலைபேசியிலும் ஃபாக்ஸிலும் வந்தது. கடன் அட்டை எண்ணை ஒருவர் சொல்ல, இன்னொருவர் கையால் எழுதிக்கொள்வார். 1999 ஏப்ரலில் உரிமையாளர் ஒரு முடிவெடுத்தார்: ஆண்டு இறுதி விற்பனைக் காலத்திற்கு முன் அட்டை எண்ணை இணையதளத்திலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு, பிரவுசருக்கும் சர்வருக்கும் இடையே போகும் தகவலைக் குறியாக்கம் செய்யும் எஸ்எஸ்எல் நெறிமுறை தேவை. 2000 பிறந்ததும் கணினிகள் தேதியைத் தவறாகக் கணிக்கக்கூடும் என்ற 2000 ஆண்டுச் சிக்கலை முன்னிட்டு, அக்டோபருக்குப் பிறகு சர்வரில் எந்த மாற்றமும் செய்யக் கூடாது என்று முன்பே தீர்மானித்திருந்ததால், கையில் இருந்தது ஏறக்குறைய ஐந்து மாதங்கள். நான் வெளியிலிருந்து ஆலோசனை சொல்ல அழைக்கப்பட்டவன். நிறுவனத்தின் கணினி நிர்வாகி திறமையான இளைஞர். தொகுத்து நிறுவும் வேலை முழுவதும் அவருடையது.

அன்றைய நிலைமையை இன்று படிப்பவருக்குச் சற்று விளக்க வேண்டும். எஸ்எஸ்எல் இணைப்பின் தொடக்கத்தில் சர்வரும் பிரவுசரும் இரகசியத் திறவுகோல் ஒன்றைப் பகிர்ந்துகொள்கின்றன. 1999இல் அதற்கு நடைமுறையில் பயன்பட்டது ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் 1977இல் உருவாக்கிய ஆர்எஸ்ஏ முறை. அதன் அமெரிக்கக் காப்புரிமை, எண் 4,405,829, 1983 செப்டம்பர் 20 அன்று எம்ஐடி கல்வி நிறுவனத்தின் பெயரில் வழங்கப்பட்டது. உரிமம் கொடுக்கும் அதிகாரம் ஆர்எஸ்ஏ நிறுவனத்திடம் இருந்தது. விண்ணப்பிப்பதற்கு முன்பே முறை பொதுவெளியில் வந்துவிட்டதால் மற்ற பெரும்பாலான நாடுகளில் காப்புரிமை பெற முடியவில்லை. எனவே ஒரே நிரல் ஆஸ்திரேலியாவிலோ ஜெர்மனியிலோ கட்டற்றது. அமெரிக்காவில் உரிமம் இல்லாமல் தொட முடியாதது.

சோதனைக் கட்டம்

நிர்வாகி இரண்டே வாரங்களில் வேலை செய்யும் மாதிரி ஒன்றைக் காட்டினார். அப்பாச்சியுடன், அதற்கு எஸ்எஸ்எல் வசதி தரும் மாட்-எஸ்எஸ்எல், அதற்கு அடியில், எரிக் யங், டிம் ஹட்சன் ஆகியோர் எழுதிய எஸ்எஸ்எல்ஈயிலிருந்து 1998 டிசம்பரில் கிளைத்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகம், அதாவது பிற நிரல்கள் அழைத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு. எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைத்தவை. காப்புரிமை பற்றியும் அவருக்குத் தெரியும். அதனால்தான் ஓப்பன்எஸ்எஸ்எல்லின் சொந்த ஆர்எஸ்ஏ நிரலை விட்டுவிட்டு, ஆர்எஸ்ஏ நிறுவனமே வெளியிட்ட ஆர்எஸ்ஏரெஃப் என்ற நூலகத்தை இணைத்துத் தொகுத்திருந்தார். அமெரிக்காவில் இருப்பவர்கள் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று நிறுவல் குறிப்புகளும் சொல்லின. சர்வரின் அடையாளத்தைப் பிரவுசருக்குக் காட்டும் சான்றிதழ் ஒன்றில் அவரே கையொப்பமிட்டுச் சோதித்ததில், பிரவுசரில் பூட்டுச் சின்னம் மூடியது. உரிமையாளருக்கு வேலை முடிந்த மாதிரிதான் தோன்றியது.

கேள்வி எழுந்த இடம்

அடுத்த படி, சான்றளிப்பு நிறுவனம் ஒன்றிடம் சான்றிதழ் வாங்குவது. விண்ணப்பத்தில் நிறுவனப் பெயர், பதிவுச் சான்று, முகவரி ஆகியவற்றோடு எந்த சர்வர் மென்பொருளைப் பயன்படுத்துகிறீர்கள் என்ற கட்டமும் இருந்தது. பணம் அனுப்ப வேண்டியவர் கணக்காளர் அம்மையார். நிறுவனம் வாங்கிய ஒவ்வொரு மென்பொருளுக்கும் ரசீதையும் உரிமத் தாளையும் சேர்த்துத் துளையிட்டு ஒரு கோப்பில் வைத்திருப்பவர் அவர். அந்தக் கட்டத்தில் நிர்வாகி எழுதிய பெயரைப் பார்த்துவிட்டு, "இதற்குத் தாள் எங்கே?" என்று கேட்டார். இலவசம் என்றார் நிர்வாகி. இலவசமானாலும் உரிமம் என்று ஒன்று இருக்குமே, அதை அச்சிட்டுக் கொடுங்கள் என்றார் அவர்.

நான்கு உரிமங்களை அச்சிட வேண்டியிருந்தது. அப்பாச்சியின் உரிமமும் மாட்-எஸ்எஸ்எல்லின் உரிமமும் வணிகப் பயன்பாட்டைத் தெளிவாக அனுமதித்தன. ஓப்பன்எஸ்எஸ்எல்லின் உரிமமும் அனுமதித்தது. ஆனால் கூடவே வந்த விளக்கக் கோப்பில், பல நிறுவனங்கள் பல நாடுகளில் பல முறைகளுக்குக் காப்புரிமை வைத்திருக்கின்றன, அவற்றைப் பற்றி விசாரித்துக்கொள்வது உங்கள் பொறுப்பு என்ற எச்சரிக்கை இருந்தது. ஆர்எஸ்ஏ, ஆர்சி5, ஐடியா ஆகிய மூன்று குறியாக்க முறைகளும் அதில் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருந்தன. ஆர்எஸ்ஏரெஃப்பின் உரிமம்தான் முடிச்சு. அந்த நூலகத்தையோ அதைக் கொண்டு கட்டிய நிரலையோ அதை அடிப்படையாகக் கொண்ட சேவையையோ விற்கக் கூடாது என்றது அது. ஆவணத்தில் குறித்த இடைமுகம் வழியாக மட்டுமே நூலகத்தை அழைக்க வேண்டும் என்றும் நிபந்தனை வைத்தது.

காசு வாங்கிப் பொருள் விற்கும் கடையின் ஆர்டர் பக்கம் இந்த நிபந்தனைக்குள் அடங்குமா? நாங்கள் விற்பது உதிரிபாகம்தானே, குறியாக்கச் சேவை இல்லையே என்று நிர்வாகி வாதாடினார். கெட்டிக்காரத்தனமான வாதம், ஆனால் நீதிமன்றத்தில் அதைச் சோதித்துப் பார்க்கும் வசதி சிறு நிறுவனத்திற்கு இல்லை. ஆர்எஸ்ஏரெஃப் வணிகம் சாராத பயன்பாட்டுக்கு உரியது என்பதே அன்று பரவலாக ஏற்கப்பட்ட பொருள்.

வழக்கறிஞர் சொன்னது

காப்புரிமைத் துறை வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேர ஆலோசனை வாங்கப்பட்டது. செலவழித்த தொகைக்குப் பல மடங்கு பயன் தந்த ஒரு மணி நேரம் என்றே இன்றும் கருதுகிறேன். அவர் முதலில் செய்தது, குழம்பிக் கிடந்த கேள்வியை மூன்றாகப் பிரித்தது.

பதிப்புரிமை: நிரலை எழுதியவர் அதை நகலெடுக்கவும் மாற்றவும் அனுமதி தருகிறார். இது எழுத்துக்கு உரியது. காப்புரிமை: அந்த எழுத்து செயல்படுத்தும் முறைக்கு உரியது, அதை எழுதியவர் கையில் இல்லாத உரிமையை அவர் நமக்குத் தர முடியாது. ஏற்றுமதி விதி: வலுவான குறியாக்கம் நாட்டைவிட்டு வெளியே போவதற்கு அரசின் கட்டுப்பாடு. மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் வேண்டும். ஒன்றுக்குக் கிடைத்த 'சரி' மற்றொன்றுக்குச் செல்லாது.

இரண்டாவதாக, தயாரிப்பவரையும் விற்பவரையும் மட்டுமே காப்புரிமைச் சட்டம் பிடிக்கும் என்ற எண்ணத்தை அவர் திருத்தினார். அமெரிக்கச் சட்டத்தின் 271ஆம் பிரிவு உருவாக்குபவர், விற்பவர் ஆகியோரோடு பயன்படுத்துபவரையும் குறிப்பிடுகிறது. நிரலை இலவசமாக இறக்கிக்கொண்டாலும், ஒரே ஒரு கணினியில் ஓடவிட்டாலும், அது பயன்பாடுதான்.

மாற்று வழிகள்

ஜூன் மாதம் முழுக்க மாற்று வழிகளை எடைபோடுவதில் போனது.

ஆர்எஸ்ஏவையே தவிர்ப்பது நிர்வாகிக்கு மிகவும் பிடித்த யோசனை. இரகசியத் திறவுகோலைப் பகிர்ந்துகொள்ள உதவும் மற்றொரு முறையான டிஃபி-ஹெல்மனின் காப்புரிமை 1997இல் முடிந்துவிட்டது. எஸ்எஸ்எல்லின் அடுத்த வடிவமாக 1999 ஜனவரியில் வெளியான டிஎல்எஸ் 1.0 தரநிலை, எல்லாச் செயலாக்கங்களிலும் கட்டாயம் இருக்க வேண்டிய தொகுப்பாக டிஃபி-ஹெல்மன், டிஎஸ்எஸ் என்ற கையொப்ப முறை, டெஸ் குறியாக்கத்தை மூன்று முறை செய்யும் முத்தடை டெஸ் ஆகியவற்றின் சேர்க்கையைத்தான் குறிப்பிட்டது. தரநிலையின்படி பார்த்தால் ஆர்எஸ்ஏ இல்லாமலே வாழ முடியும். நிர்வாகி அப்படியே ஒரு சான்றிதழ் செய்து, அலுவலகத்தில் இருந்த நெட்ஸ்கேப் 4 பிரவுசரில் திறந்து பார்த்தார். பொதுவான குறியாக்க முறை எதுவும் இல்லாததால் இந்த சர்வரோடு பாதுகாப்பாகப் பேச முடியாது என்ற செய்திப் பெட்டி வந்தது. 'சரி' பொத்தானைத் தவிர அதில் வேறெதுவும் இல்லை. வாங்க வந்தவர் அதைப் பார்த்தால் கடையை விட்டுப் போவார். தரநிலை தாளில் இருந்தது. வாடிக்கையாளரின் மேசையில் இருந்த பிரவுசருக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

சர்வரை வெளிநாட்டில் வைப்பது இன்னொரு யோசனை. காப்புரிமை அமெரிக்காவில் மட்டும்தானே? வழக்கறிஞர் இதை ஊக்குவிக்கவில்லை. நிறுவனமும் நிர்வாகமும் வாடிக்கையாளரும் அமெரிக்காவில் இருக்க, சர்வர் மட்டும் வெளியே இருப்பது காப்பாற்றுமா என்பது வாதத்திற்கு உரியது. வலுவான குறியாக்க நிரலை இங்கிருந்து அங்கே ஏற்றினால் அதுவே ஏற்றுமதி. 1996 இறுதியில் இந்தப் பொறுப்பு வணிகத் துறையின் விதிகளுக்கு மாறியிருந்தாலும் கட்டுப்பாடு தளரவில்லை. ஒரு சிக்கலுக்குப் பதிலாக இரண்டு வந்து சேரும்.

காப்புரிமை உரிமத்தை நேரடியாக வாங்குவதும், பிசேஃப் என்ற வணிக நூலகத்தை வாங்கி நாமே இணைத்துக்கொள்வதும் மென்பொருள் செய்து விற்கும் நிறுவனங்களுக்குப் பொருந்தும் ஏற்பாடுகள். ஒரு சர்வர் மட்டும் வைத்திருப்பவருக்கு அல்ல. நெட்ஸ்கேப் நிறுவனத்தின் சர்வரிலும் மைக்ரோசாஃப்ட்டின் சர்வரிலும் ஆர்எஸ்ஏ உரிமம் உள்ளடங்கியிருந்தது; ஆனால் அவற்றுக்கு மாறினால் பொருள் பட்டியலை உருவாக்கும் நிரல்கள் அனைத்தையும் திருத்தி எழுத வேண்டியிருக்கும்.

மிஞ்சியது, அப்பாச்சியையே அடிப்படையாகக் கொண்டு, ஆர்எஸ்ஏ உரிமத்தையும் சேர்த்து விற்கப்பட்ட வணிகப் பதிப்புகள். ஸ்ட்ராங்ஹோல்ட், ராவன், ரெட் ஹேட்டின் பாதுகாப்பு சர்வர் முதலியன அன்று சந்தையில் இருந்தன. இலவசமாகக் கிடைக்கும் அதே சர்வருக்கு எதற்குக் காசு என்று உரிமையாளர் கேட்டது நியாயமான கேள்வி. விலையில் பெரும்பங்கு நிரலுக்கானது அல்ல, அனுமதிக்கானது. இதை அவர் ஏற்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

பதினைந்து மாதம் காத்திருந்தால் காப்புரிமையே காலாவதியாகிவிடும் என்பதும் பேசப்பட்டது. 2000 செப்டம்பர் 20 என்ற தேதி எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதற்குள் இரண்டு விற்பனைக் காலங்களில் ஒன்று கைநழுவிப் போயிருக்கும்.

முடிவும் அதன் காரணங்களும்

ஜூலையில் அப்பாச்சி அடிப்படையிலான வணிகப் பதிப்பு ஒன்று வாங்கப்பட்டது. வாங்கும் முன் விற்பனையாளரிடம் மூன்று கேள்விகள் எழுத்தில் கேட்கப்பட்டன. ஆர்எஸ்ஏ காப்புரிமைக்கான உரிமம் இந்த விலையில் அடங்குமா, அது இறுதிப் பயனரான நிறுவனத்தையும் காக்குமா? முதன்மைக் கணினி பழுதானால் மாற்றுக் கணினியில் இதே பிரதியை ஓட்டலாமா? சர்வர் மட்டுமே வைத்திருக்கும் இரகசியமான தனித்திறவுகோல் எந்த வடிவில் சேமிக்கப்படும், அதை வெளியே எடுக்க முடியுமா?

முதல் கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தது. இரண்டாவதற்கு, இரண்டும் ஒரே நேரத்தில் ஓடாதவரை சரி என்று வந்தது. அந்த மின்னஞ்சலைக் கணக்காளர் அச்சிட்டுக் கோப்பில் சேர்த்தார். மூன்றாவது கேள்வியை வலியுறுத்தியதற்குக் காரணம் உண்டு. சில சர்வர்கள் திறவுகோலைத் தங்களுக்கே உரிய தரவுத்தளத்தில் பூட்டி வைத்தன. மென்பொருளை மாற்றும்போது சான்றிதழையும் புதிதாக வாங்க நேரும். தேர்ந்த பதிப்பு எஸ்எஸ்எல்ஈ வழியில் வந்ததால், ஓப்பன்எஸ்எஸ்எல் படிக்கும் அதே பெம் என்ற கோப்பு வடிவிலேயே திறவுகோலை வைத்திருந்தது. ஓராண்டில் இதைவிட்டு வெளியேறுவோம் என்று தெரிந்தே வாங்கினோம். ஆகவே வெளியேறும் வாசல் எங்கே என்று முதலிலேயே பார்த்துவைக்க வேண்டியிருந்தது.

மாட்-எஸ்எஸ்எல் மாதிரி அன்றே அழிக்கப்பட்டது. அதே கையோடு அந்தக் கணினியில் வேறெந்த நிரலில் ஆர்எஸ்ஏரெஃப் இருக்கிறது என்று தேடியபோது, தொலைவிலிருந்து நிர்வகிக்கப் பயன்பட்ட எஸ்எஸ்ஹெச் சேவையும் அதைச் சேர்த்தே தொகுக்கப்பட்டிருந்தது தெரிந்தது. இணையதளத்தைப் பற்றியே எல்லோரும் பேசிக்கொண்டிருந்ததால் அது யார் கண்ணிலும் படவில்லை. அதற்கும் வணிக உரிமம் உள்ள பதிப்பு வாங்கப்பட்டது.

செயல்பாட்டில் கண்டது

ஆகஸ்ட் இறுதியில் ஆர்டர் பக்கம் திறந்தது. உரிமச் சிக்கல் தீர்ந்த பிறகு எதிர்பாராத இடத்தில் ஏற்றுமதி விதி வந்து நின்றது. நிறுவனம் அமெரிக்காவுக்குள் மட்டுமே பொருள் அனுப்பியது. வாடிக்கையாளர்கள் 128 பிட் நீளத் திறவுகோலைப் பயன்படுத்தும் பிரவுசருடன் வருவார்கள் என்று நினைத்திருந்தோம். பதிவேட்டில் ஒவ்வொரு இணைப்பின் குறியாக்க முறையையும் எழுத வைத்ததில், கணிசமானவர்கள், வெளிநாடுகளுக்கு அனுப்ப அனுமதிக்கப்பட்ட 40 பிட் ஏற்றுமதிப் பதிப்புடன் வருவது தெரிந்தது. 128 பிட் பதிப்பை இறக்க, தான் அமெரிக்காவில் இருப்பதாக உறுதி தரும் படிவத்தை நிரப்ப வேண்டும். பலர் அந்தச் சிரமத்தை எடுக்காமல் கணினியோடு வந்ததையே வைத்திருந்தார்கள்.

40 பிட் என்பது வெறும் பெயரளவுப் பாதுகாப்பு. 1995இலேயே பிரான்சில் ஓர் ஆய்வாளர் சுமார் 120 கணினிகளைக் கொண்டு எட்டு நாளில் அப்படிப்பட்ட எஸ்எஸ்எல் இணைப்பு ஒன்றை உடைத்துக் காட்டியிருந்தார். 56 பிட் டெஸ்ஸும் 1999 ஜனவரியில் ஒரு நாளுக்குள் உடைந்தது. 40 பிட்டுடன் வருபவர்களை மறுத்தால் விற்பனை போகும்; அனுமதித்தால் அட்டை எண் பலவீனமான உறையில் வரும். நிறுவனம் இடைவழியை எடுத்தது: வலுவான முறைகளை முதலில் வைத்து, 40 பிட்டைக் கடைசியில் அனுமதித்து, அப்படி வருபவருக்கு மட்டும் அட்டை எண்ணைத் தட்டும் முன் ஓர் அறிவிப்பையும் தொலைபேசி எண்ணையும் காட்டியது. பலர் தொலைபேசியில் அழைத்தார்கள். இது எனக்கு முழு நிறைவு தந்த முடிவு அல்ல, ஆனாலும் வாடிக்கையாளரிடம் உண்மையைச் சொல்லிவிட்டு அவரையே தேர்ந்துகொள்ள விட்டது.

1999 டிசம்பரில் ஆர்எஸ்ஏரெஃப் நூலகத்தில் நினைவக எல்லை மீறும் ஓட்டை இருப்பதாகவும், அதைச் சேர்த்துத் தொகுத்த எஸ்எஸ்ஹெச் சேவையைத் தாக்க முடியும் என்றும் கணினிப் பாதுகாப்பு எச்சரிக்கைகளை வெளியிடும் செர்ட் அமைப்பின் எச்சரிக்கை வந்தது. விற்பனை உச்சத்தில் இருந்த மாதம் அது. சர்வரைத் தொடக் கூடாத காலமும்கூட. ஜூலையில் உரிமத்திற்காகவே அகற்றிய நிரல் அது. உரிமத்தை ஒழுங்குபடுத்தியதால் கிடைத்த பாதுகாப்பை யாரும் திட்டமிடவில்லை. ஆனால் இயந்திரத்தில் எது எங்கே இருக்கிறது என்ற கணக்கு அதற்குள் கையில் இருந்ததால், எச்சரிக்கையைப் படித்த சில நிமிடங்களில் நமக்குப் பாதிப்பில்லை என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது.

வணிகப் பதிப்பில் குறை ஒன்றும் தெரிந்தது. அப்பாச்சியின் புதிய பதிப்பு வெளிவந்தால், விற்பனையாளர் அதைத் தன் தொகுப்பில் சேர்க்கும்வரை காத்திருக்க வேண்டும்.

2000இல் நடந்தது

ஜனவரி 14 அன்று அமெரிக்க அரசு ஏற்றுமதி விதிகளைப் பெருமளவு தளர்த்தியது. 128 பிட் பிரவுசர்கள் படிவம் இல்லாமலே பரவத் தொடங்கின. பதிவேட்டில் 40 பிட் இணைப்புகள் மாதாமாதம் குறைவதைப் பார்த்து, கோடையில் அவற்றை நிறுத்திவிட்டோம்.

காப்புரிமை முடிய இரண்டு வாரம் இருக்கும்போதே, செப்டம்பர் 6 அன்று, ஆர்எஸ்ஏ நிறுவனம் அந்த முறையைப் பொதுவுடைமை ஆக்கியது. மாத இறுதியில் வெளியான ஓப்பன்எஸ்எஸ்எல் 0.9.6ஐயும் மாட்-எஸ்எஸ்எல்லையும் நிர்வாகி மாற்றுக் கணினியில் தொகுத்தார், இம்முறை ஆர்எஸ்ஏரெஃப் இல்லாமல். திறவுகோலும் சான்றிதழும் அப்படியே பெயர்ந்தன. புதிய சான்றிதழ் தேவைப்படவில்லை. ஒரு ஞாயிறு காலையில் மாற்றம் முடிந்தது.

எதை மாற்றிச் செய்யலாம்

பராமரிப்பு ஒப்பந்தத்தை 2000 ஜூலையில் மேலும் ஓராண்டுக்கு நிறுவனம் புதுப்பித்திருந்தது. காப்புரிமை முடியும் தேதி பதினேழு ஆண்டுகளாக எல்லோருக்கும் தெரிந்த ஒன்று. அதைத் தாண்டி நீளும் ஒப்பந்தத்திற்குப் பதிலாக மூன்று மாத நீட்டிப்பைக் கேட்டிருக்கலாம். விற்பனையாளர் மறுத்திருந்தாலும் கேட்பதில் நட்டமில்லை.

உரிமங்களை அச்சிட்டுப் படிக்கும் வேலை தொகுப்பதற்கு முன் நடந்திருக்க வேண்டும். இங்கே அது கணக்காளரின் கோப்புப் பழக்கத்தால் நேர்ந்தது. அவர் விடுப்பில் இருந்திருந்தால் சான்றிதழ் வந்து, பக்கமும் திறந்திருக்கும். இதன் பிறகு நிர்வாகி ஒரு பதிவேடு வைக்கத் தொடங்கினார். குறியாக்கம் சம்பந்தப்பட்ட ஒவ்வொரு நிரலுக்கும் பதிப்புரிமை, காப்புரிமை, ஏற்றுமதி என்று மூன்று தனிக் கட்டங்கள். எந்த நூலகங்களோடு சேர்த்துத் தொகுக்கப்பட்டது என்பதற்கு நான்காவது.

2000 அக்டோபரில் அந்தப் பதிவேட்டில் ஆர்எஸ்ஏவுக்கு எதிரே இருந்த தடை அடித்து நீக்கப்பட்டது. ஐடியா, ஆர்சி5 இரண்டுக்கும் எதிரே இருந்த தடைகள் அப்படியே இருந்தன. அவற்றின் காப்புரிமைகள் அப்போதும் உயிரோடு இருந்ததால், இரண்டையும் விலக்கியே ஓப்பன்எஸ்எஸ்எல் தொகுக்கப்பட வேண்டும் என்று அந்த வரிகளுக்குப் பக்கத்தில் எழுதிவைக்கப்பட்டது.